குயர் பெஞ்சு இருந்த இடத்தில் டிரம்ஸ்: சேலத்துச் சபை ஒன்றின் பாட்டுச் சண்டை

சேலத்தில் ஒரு பழைய சபை. லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேயப் புராட்டஸ்டண்ட் மிஷனெரி அமைப்பு வழியாக வந்தது, பின்னால் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. பெயர் வேண்டாம், சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நான் அந்தச் சபையின் உறுப்பினர் இல்லை. கீபோர்டு சொல்லிக்கொடுப்பது, கோயில், மண்டபம், கன்வென்ஷன் பந்தல் என்று போய் மைக் செட் சரிசெய்து கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. பழைய பாட்டா புதுப் பாட்டா என்று சபை இரண்டாகப் பிரிந்து, ஆயரும் (சபைப் போதகர்) கமிட்டியும் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் "சவுண்ட மட்டும் பாத்துக் குடுங்க" என்று கூப்பிட்டார்கள். போனால் சவுண்டு தனியாக, சண்டை தனியாக இல்லை.

இதே சண்டை இன்று அநேகமாக எல்லா ஊரிலும் ஏதோ ஒரு சபையில் நடந்துகொண்டிருக்கிறது. பேச்செல்லாம் "பழசா புதுசா" என்பதிலேயே நின்றுவிடுகிறது, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனையில் பாட வேண்டியது சபை. பாட்டு 1750இல் எழுதினதா, போன மாதம் யூடியூபில் வந்ததா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அம்மாவால் அதைப் பாட முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்தச் சபையில் இரண்டு கட்சிக்காரர்களுமே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

யார் யார்

ஏறக்குறைய 300 குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சபை, உள்ளே மூன்று ஊர். முதலில் சேலத்துப் பழைய குடும்பங்கள், தாத்தா காலத்திலிருந்து இங்கேயே ஞானஸ்நானம், இங்கேயே கல்யாணம், இங்கேயே அடக்கம். அடுத்து ரயில்வே, உருக்காலை, ஆசிரியர் வேலை, நர்ஸ் வேலை என்று திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து வந்து தங்கிவிட்டவர்கள். இவர்கள் பாடுகிற வேகமே வேறு. கீர்த்தனையை, அதாவது கர்நாடக ராக தாளத்தில் கட்டிய தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டை, நிறுத்தி நிதானமாகப் பாடுகிற உள்ளூர்க்காரர்களுக்கு இவர்களோடு முன்பே ஒரு சின்ன உரசல் இருந்திருக்கிறது, அது பழைய கதை. மூன்றாவதாக, கல்யாணம் மூலமாகவோ வீடு மாறியதாலோ பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். இவர்கள் கைதட்டாமல் பாடினால் பாடின மாதிரியே நினைக்க மாட்டார்கள். இது போக ஏற்காடு மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பங்களைக் கொண்ட சின்னக் கிளைச் சபை ஒன்று. ஆயர் மாதம் ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்த் திருவிருந்து கொடுத்துவிட்டு இறங்குவார். அவர்களைப் பற்றி யாரும் இந்தச் சண்டையில் நினைக்கவில்லை. பின்னால் வருகிறேன்.

வயசு வாரியாகப் பார்த்தாலும் இரண்டு கட்சி என்று சொல்ல முடியாது, மூன்று. எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பாமாலையும் (மேற்கத்திய மெட்டோடு மொழிபெயர்த்த பாட்டு) கீர்த்தனையும். ஐம்பதுகளில் இருப்பவர்கள், தங்கள் வாலிபத்தில் பாதிரியார் பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் என்ற பாட்டுகளையும் பிரசங்கியார் தினகரன் அவர்களின் கூட்டங்களில் கேட்ட பாட்டுகளையும் சபைக்குள் கொண்டுவரச் சண்டை போட்டு ஜெயித்தவர்கள். கீபோர்டு வாங்க வைத்ததே இவர்கள்தான். இப்போது டிரம்ஸ் வந்ததும் "எங்க காலத்துல இவ்வளவு சத்தம் இல்ல" என்று பேசினவர்களும் இவர்களேதான். மூன்றாவது வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பெர்க்மான்ஸ் பாட்டே பாட்டி காலத்துப் பாட்டு.

பெஞ்சு எப்படிப் போயிற்று

கேட்டால் எல்லோரும் "டிரம்ஸ் வந்ததால சண்டை" என்பார்கள். அதற்கு வெகு முன்பே, 2020 மார்ச்சில் கோயில் கதவு மூடியபோதே இது ஆரம்பித்துவிட்டது என்பது என் கணிப்பு. ஊரடங்கில் ஆராதனை ஆன்லைனுக்குப் போனது. கேமரா பிடிக்க, கீபோர்டு வாசிக்க, வீடியோ ஏற்ற, எல்லாவற்றுக்கும் வாலிபர் நாலைந்து பேர். கூட்டமாகப் பாடினால் தொற்று பரவும் என்று உலகம் முழுக்கக் குயர்களை, அதாவது பாடகர் குழுக்களை, நிறுத்தி வைத்திருந்த காலம். இங்கேயும் குயரில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள், வீட்டை விட்டு வரவில்லை. அத்தனை மாதமும் எந்தப் பாட்டு, எந்த ஸ்ருதி, எத்தனை தடவை என்பதை அந்த நாலைந்து பேர்தான் முடிவு செய்தார்கள். யாரும் அவர்களிடம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அவர்களும் பிடுங்கவில்லை. வேலையைச் செய்கிறவர் கைக்கு அது தானாக வந்து சேர்ந்தது. கோயில் திறந்தபோது குயர் திரும்பி வந்தது. மேடையில் கேபிளும் ஸ்டாண்டும் மானிட்டரும் (பாடுகிறவர்கள் தங்களைக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர்) நிறைந்திருந்தன. ஆராதனை ஒழுங்கில் "துதி ஆராதனை" என்று இருபது நிமிடம் புதிதாக உட்கார்ந்திருந்தது. குயருக்குக் காணிக்கை நேரத்தில் ஒரு பாட்டு.

இதற்குக் கமிட்டித் தீர்மானம் கிடையாது. மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு வரியும் இல்லை. எந்தச் சபையிலும் பெரிய மாற்றங்கள் இப்படித்தான் நுழைகின்றன என்பது என் அனுபவம். சின்ன மாற்றத்துக்குத்தான் தீர்மானம் போடுவார்கள்.

அப்புறம் டிரம் செட். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் நேர்த்திக் காணிக்கையாக அனுப்பிய பணத்தில் வாங்கினார்கள். வைக்க இடம் வேண்டும். பலிபீடத்துக்கு வலப்பக்கம் குயர் பெஞ்சுகள் இரண்டு, முதுகுப்பலகையில் யாரோ ஒருவரின் தாத்தா நினைவாக என்று பெயர் செதுக்கினவை. பக்கத்தில் கால் ஆர்மோனியம். லெந்து காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) முந்தின சனிக்கிழமை சாயங்காலம், பெஞ்சு பக்கவாட்டு வராந்தாவுக்கும் ஆர்மோனியம் சாமான் அறைக்கும் போயின. தூக்கிய பையன்களில் ஒருவன், பெஞ்சில் பெயர் இருந்தவரின் கொள்ளுப்பேரன். அவனுக்கு அது தெரியாது.

ஞாயிறு காலை குயர் மாஸ்டர் வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் சபையோடு சபையாகப் போய் உட்கார்ந்தார். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று குயர் முழுவதும் அப்படியே செய்தது. காணிக்கை நேரத்தில் பாட யாரும் எழுந்து வரவில்லை. ஆயர் ஆளில்லாத மூலையைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றுவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். அன்று மாலையே வாட்ஸப் குழுவில் பற்றிக்கொண்டது. டிரம்ஸ் பிசாசின் வாத்தியம் என்று ஒரு ஃபார்வேர்டு. "கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள்" என்று சங்கீதம் 96. பதிலுக்கு "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ். ஈஸ்டருக்குள் பேராயருக்கு இரண்டு மனு போய்விட்டது, கட்சிக்கு ஒன்று.

கூட்டத்தில் பேசியது

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிறு மதியம் ஆயர் எல்லோரையும் உட்கார வைத்தார். என்னையும் ஒரு ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். முதல் ஒரு மணி நேரம் வசனத்தால் அடித்துக்கொண்டார்கள். கொலோசெயர் 3:16 மட்டும் மூன்று பேர் மூன்று விதமாக எடுத்தார்கள். நியாயமான பேச்சும் இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், புதுப் பாட்டில் "நான், என்னை, எனக்கு" என்பதைத் தாண்டி விசுவாசம் என்ன இருக்கிறது, சிலுவை எங்கே, திரித்துவம் எங்கே, ஒரே வரியைப் பத்துத் தடவை சொன்னால் அது ஜெபமாகிவிடுமா என்று கேட்டார். வாலிபர் செயலாளர் எழுந்து, சங்கீதம் 136இல் 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று ஒரே வரி வருகிறதே டீச்சர் என்றான். டீச்சர் சிரித்துவிட்டார், அந்த மதியத்தில் முதல் சிரிப்பு அதுதான். அவனே தொடர்ந்து, "கருத்தோடும் பாடுவேன்னு பவுல் சொல்றாரு. நம்ம கீர்த்தனையில பாதி வார்த்தைக்கு எங்களுக்கு அர்த்தம் தெரியல. நீங்களும் சொல்லிக் குடுக்கல" என்றான். அதற்குப் பதில் வரவில்லை.

"இது நம்ம பாரம்பரியம்" என்ற பேச்சு பலமாக அடிபட்டபோது, தமிழாசிரியராக இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து பேசினார். வேதநாயக சாஸ்திரியார் கதை. சபையில் பாதிப்பேருக்கு அவர் பெயர் தெரியும், கதை தெரியாது. 1774இல் பிறந்து, ஜெர்மானிய மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சாவூர் சரபோஜி மன்னரின் சபையில் கவிராயராக இருந்தவர். நாம் இன்று கட்டிக்காக்க நினைக்கிற கீர்த்தனை மரபின் பெரிய ஆள். அவருடைய முதிர்ந்த வயதில், 1820களின் கடைசியில், புதிதாக வந்த மிஷனெரிகள்மேல் அவர் எழுதிவைத்த குறைகளில் ஒன்று, தமிழ்ப் பாட்டுகளை ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள் என்பது. அதாவது அன்றைக்குக் கோயிலுக்குள் இருக்கத் தகுதி இல்லாத சரக்கு கீர்த்தனைதான். தகுதி உள்ளது தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்து வந்த ஜெர்மானிய மெட்டு ஞானப்பாட்டு, பெப்ரிஷியஸ் ஐயர் போன்ற மிஷனெரிகள் தமிழில் ஆக்கினவை. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகுதான் புராட்டஸ்டண்ட் சபைகளில் அவை பரவலாக உரிமையோடு நுழைந்தன.

பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. அதே சாஸ்திரியாரின் குறைப் பட்டியலில், எல்லாச் சாதியையும் கோயிலில் கலந்து உட்கார வைக்கிறார்கள் என்பதும் ஒரு குறை என்றார். "பாட்டுக்காக அவர் பேசினது நியாயம், இதுக்காகப் பேசினது அநியாயம், ரெண்டையும் ஒரே கையாலதான் எழுதினார்." கூட்டம் அமைதியாகிவிட்டது. இந்த மாதிரி ஆட்கள் இருக்கிற சபை எளிதில் உடையாது என்று நினைத்துக்கொண்டேன். பாதி சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் லண்டன் மிஷனின் சொந்தக் கதையே இதுதான். 1827இல் சேலத்துக்கு ஹென்றி கிறிஸ்ப் என்ற மிஷனெரி வந்தாரே, அவர் வந்த இங்கிலாந்துச் சுயாதீன சபைகளில் ஒரு காலத்தில் வேதத்துச் சங்கீதங்களைத் தவிர மனிதன் கட்டிய பாட்டுப் பாடலாமா என்றே தகராறு. அந்த மரபுக்குள்ளிருந்தே ஐசக் வாட்ஸ் 1707இல் தன் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். நம் பெரியவர்கள் "பழைய பாமாலை" என்று கையில் வைத்திருப்பதில் அவர் எழுதியதும் மொழிபெயர்ப்பாக இருக்கிறது. ஆர்கனும் அப்படித்தான், பதினாறாம் நூற்றாண்டில், சீர்திருத்தத் தலைவர் சுவிங்லியின் சூரிச் நகரில், சீர்திருத்தக்காரர்கள் அதைக் கோயிலிலிருந்தே கழற்றி எடுத்தார்கள். கத்தோலிக்கர் பக்கம், 1903இல் பத்தாம் பத்திநாதர் போப் பியானோவையும் டிரம் போன்ற சத்தமான வாத்தியங்களையும் கோயிலில் தடுத்தார், 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பைப் ஆர்கனை உயர்த்திப் பேசிவிட்டு, மற்ற வாத்தியங்களுக்கும் அனுமதி பெற்றுக் கதவைத் திறக்கலாம் என்றது. நம் கால் ஆர்மோனியத்தின் தங்கை கை ஆர்மோனியம் மட்டும் என்ன, அகில இந்திய வானொலி 1940இலிருந்து முப்பது வருடத்துக்கு அதை நம் சங்கீதத்துக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கி வைத்திருந்தது. இதையெல்லாம் நான் கூட்டத்தில் சொல்லவில்லை. பெரியவர் பேசினதே போதுமானதாக இருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். "எல்லாப் பழசும் ஒரு காலத்தில் புதுசு" என்பதை வைத்துக்கொண்டு வாலிபர் பக்கம் வழக்கு ஜெயித்துவிட்டதாக நினைப்பது சரியில்லை. ஒரு காலத்தில் புதுசாக வந்தவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின, சபை பாடினவை மட்டும் நின்றன. போன மாதப் பாட்டு அந்தச் சோதனைக்கு இன்னும் உட்காரவே இல்லை.

காதால் பார்த்தது

இனி என் வேலை. ஆயரிடம் அனுமதி வாங்கி ஒரு ஞாயிறு, துதி ஆராதனையின் நடுவில் பெரிய ஸ்பீக்கர்களின் சத்தத்தை மெதுவாக இறக்கினேன். மேடையில் பாடினவர்கள் மானிட்டரில் கேட்டுக்கொண்டு பாடிக்கொண்டேயிருந்தார்கள், அவர்களுக்குத் தெரியவில்லை. சபையில் பாடிக்கொண்டிருந்தது முன்வரிசை வாலிபர்கள், பெந்தெகொஸ்தே பக்கமிருந்து வந்த சில அம்மாக்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் குயருக்கும் இதையே செய்தேன். குயரைச் சமாதானப்படுத்தி ஒரு பாட்டு பாட அழைத்திருந்தார்கள், நான்கு மைக், நான்கு குரல் பிரித்துச் சோல்ஃபா (டோ ரே மீ எழுத்துக் குறிப்பு) பார்த்துப் பாடினார்கள், சுத்தமாக இருந்தது. சபையில் ஒருவர்கூடப் பாடவில்லை. தெரிந்த பாமாலைதான், ஆனால் மாஸ்டர் தனக்குப் பிடித்த வேறு மெட்டில் எடுத்திருந்தார். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றார்கள். பழைய பாட்டு கேட்க வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள்!

காரணம் ஒவ்வொன்றாகப் பிரித்தால் ஸ்ருதிதான் முதலில். புதுப் பாட்டுகளைப் பதிவு செய்கிறவர் பெரும்பாலும் மேல் ஸ்தாயி எட்டுகிற ஆண் குரல், ஸ்டூடியோவில் அவருக்குத் தோதான ஸ்ருதி. பல்லவி முணுமுணுப்பாகக் கீழே தொடங்கும், கடைசியில் அதே வரி ஒரு ஸ்தாயி மேலே பறக்கும், கேட்க அருமையாக இருக்கும். பயிற்சி இல்லாத குரல்கள் கூட்டமாகப் பாடச் சுகமானது ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் இரண்டு மூன்று சுரமும்தான். பழைய பாமாலை மெட்டுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நிற்கின்றன, அவை நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பேண்டு நாலு கட்டையில் எடுத்த பாட்டை இரண்டரைக்கு இறக்கச் சொன்னேன். கீபோர்டுக்காரனுக்கு ஒரு பட்டன். கிட்டார் தம்பிதான் முகத்தைச் சுளித்தான், கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்) மாட்டினால் ஸ்ருதி ஏறுமே தவிர இறங்காது, கார்டு எல்லாம் மாற்றிப் பழக வேண்டும். பழகினான்.

இரண்டாவது சத்தம். டிரம் செட்டைச் சாதாரணமாக அடித்தாலே பக்கத்தில் 100 டெசிபல் வந்துவிடும், மைக்கே வேண்டாம். அதற்கு மேல் குரல் கேட்க வேண்டுமென்றால் குரலை ஏற்ற வேண்டும், குரல் ஏறினால் கிட்டார்காரன் தன்னை ஏற்றுவான், அப்புறம் பேஸ். இந்தக் கோயிலோ உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், தேக்குப் பெஞ்சு. கைதட்டினால் ஓசை அடங்க நேரம் பிடிக்கும். நாலு பேர் பாடினால் நாற்பது பேர் பாடின மாதிரி நிறைந்து கேட்கிற கட்டிடம் அது, மைக் இல்லாத காலத்தில் கூட்டமாகப் பாடுவதற்கென்றே அமைந்த மாதிரி. அதே கட்டிடத்தில் ஸ்நேர் அடியும் சிம்பலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாட்டின் வார்த்தையைத் தின்றுவிடும். வயதானால் காது முதலில் இழப்பது மேல் அலைவரிசைகளை, அதாவது மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கிற இடத்தை. காது மெஷின் போட்டவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு பாட்டி சொன்னார்: "தம்பி, பாட்டே கேக்கலைங்க, இடிதான் கேக்குது. நான் இடிக்கு எதிரி இல்ல, பாட்டு எதுன்னு தெரிஞ்சா நானும் பாடுவேன்." மொத்தத் தகராறிலும் இதைவிடத் தெளிவாக யாரும் பேசவில்லை.

மூன்றாவது தாளம், இதில் குயர் மாஸ்டருக்கு இருந்த கோபம் நியாயமானது. பேண்டு இரண்டு கீர்த்தனையும் பாடியது, "உங்களுக்காகத்தான்" என்று. கீர்த்தனைகளில் மிஸ்ர சாபுவில் அமைந்தவை உண்டு, ஏழு எண்ணிக்கை. கீபோர்டில் இருக்கிற ரிதம் எல்லாம் நாலு, மூன்று, ஆறு என்ற கணக்கு. ஏழு எண்ணிக்கைப் பாட்டை எட்டாக இழுத்து அடைத்திருந்தார்கள். அறுபது வருடமாக ஒரு விதமாகப் பாடினவர்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் முன்கூட்டியே அடுத்த வரியில் விழுந்து, வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். மாஸ்டரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன், "நீங்களும் ஆர்மோனியத்தில் கமகத்தை எல்லாம் எப்போதோ இறக்கி வைத்துவிட்டீர்களே ஐயா" என்று. கமகம் என்றால் சுரத்தை அசைத்து நெளித்துப் பாடுவது. முறைத்தார். ஆபிரகாம் பண்டிதர் இருபத்திரண்டு சுருதிகளையும் இருபத்துநான்கு சுருதிகளையும் பற்றி 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசை நூலே எழுதினார், அவரும் கிறிஸ்தவர், நம் ஆள்தான் என்றேன். அதற்கப்புறம் கொஞ்சம் சிநேகமானார்.

திரை பற்றியும் ஒரு வார்த்தை. புரொஜெக்டரில் ஒரு வரி வந்து போனால் மெட்டு தெரிந்தவருக்குப் போதும், தெரியாதவருக்குப் பாட்டு எங்கே போகிறது என்றே புரியாது. பாட்டுப் புத்தகத்தில் முழுப் பாட்டும் ஒரே பார்வையில் இருக்கிறது. அதே நேரம் கண்ணாடி மறந்து வந்தவருக்குத் திரைதான் கை கொடுக்கிறது. இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

"சினிமா மெட்டு" என்ற குற்றச்சாட்டும் வந்தது. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கை. 1930களிலிருந்து ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்துத் தள்ளின ஊர், அந்தக் காலத்திலும் கோயில் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவில் சுவர் இருந்திருக்காது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்ன முடிவாயிற்று

பழையதில் மூன்று, புதியதில் இரண்டு என்று பங்கு பிரிக்கலாம் என்பதுதான் கமிட்டியின் முதல் யோசனை. எல்லாச் சபையும் முதலில் இங்கேதான் வந்து நிற்கும். அதை வேண்டாம் என்று சொன்னது மேற்படி தமிழாசிரியர். பங்கு பிரித்தால் ஒவ்வொரு வாரமும் இரண்டு கட்சியும் தங்கள் பாட்டுக்கு மட்டும் வாயைத் திறப்பார்கள் என்றார். அப்படி நடக்கிற சபைகளை நானும் பார்த்திருக்கிறேன். காலை 7 மணிக்குப் பழைய ஆராதனை, 9 மணிக்குப் புது ஆராதனை என்று பிரிக்கவும் பேச்சு வந்தது. ஆயர் ஒரே வரியில் மறுத்துவிட்டார், தாத்தாவும் பேரனும் ஒரே கோயிலில் சந்திக்காமல் போகிற ஏற்பாட்டுக்குத் தன் கையெழுத்து கிடையாது என்று.

கடைசியில் நடந்தது இது. வாரத்துக்கு ஒரே பாட்டுப் பட்டியல், ஆயரோடு குயரிலிருந்து ஒருவரும் பேண்டிலிருந்து ஒருவரும் உட்கார்ந்து புதன்கிழமைக்குள் அந்த வார வேதபாடத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். எந்தப் பாட்டையும் இருவரும் சேர்ந்தே நடத்த வேண்டும், குயர் பாட்டு, பேண்டு பாட்டு என்று கிடையாது. பெஞ்சு பழைய இடத்துக்கே வந்தது. டிரம் செட் வாலிபர் அறைக்குப் போய், ஆராதனைக்கு ரிதம் பேடும் தபலாவும் கஹோன் என்ற பெட்டித் தாளவாத்தியமும் வந்தன. புதுப் பாட்டு என்றால் தொடர்ந்து நாலு ஞாயிறு ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் சபைக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே பட்டியலில் ஏறும். திருவிருந்து நேரத்தில் வாத்தியமே இல்லாமல் பாடுவது. இந்தக் கடைசி யோசனை என்னுடையது, எதிர்ப்பு இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் இதுதான் எல்லோருக்கும் முதலில் பிடித்துப்போனது. சபை தன் குரலைத் தானே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

வீடியோவில் எதிர்பாராத ஒரு லாபமும் வந்தது. புதுப் பாட்டுகளுக்காக நேரலைக்கு உரிமைக் கோரிக்கை வந்து இரண்டு முறை ஒலியே இல்லாமல் போயிருந்தது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் உண்மையான மதச் சடங்கில் பாடுவதற்கு விலக்கு கொடுக்கிறது, ஆனால் யூடியூபின் இயந்திரம் நம் சட்டப் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுப்பதில்லை. சாஸ்திரியார் 1864இல் காலமானவர், அவர் பாட்டை எப்படி வேண்டுமானாலும் பாடி ஏற்றலாம். இதைக் கேட்டதும் வாலிபர் செயலாளருக்குக் கீர்த்தனை மேல் திடீர்ப் பக்தி வந்தது!

எல்லாம் சுபம் இல்லை. டிரம்ஸ் வாசித்த பையனும் அவன் நண்பர்கள் சிலரும் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். அவன் நன்றாக வாசிப்பான், அவனை நடத்திய விதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. செட்டை அறைக்கு மாற்றும் முடிவை அவனிடம் யாரும் நேரில் சொல்லவில்லை, நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொண்டான். அதாவது குயர் மாஸ்டருக்குச் செய்ததையே அவனுக்கும் செய்தார்கள். பணம் அனுப்பியவர் அடுத்த வருடக் காணிக்கையை வேறெங்கோ அனுப்பினார். இன்னொரு பக்கம், கைதட்டல் இருக்கும் வரை வரமாட்டேன் என்ற ஒரு பழைய குடும்பம் இன்னும் வரவில்லை. கல்யாண ஆராதனைகளில் பணம் கட்டி வெளி பேண்டு கொண்டுவரலாமா என்பது தனித் தகராறாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது மலைக்கு வருகிறேன். தோட்டத்துச் சபையில் கீபோர்டு இல்லை, ஸ்பீக்கர் இல்லை, கரண்டும் பல நேரம் இல்லை. கீர்த்தனையும் பாடுவார்கள், ஜெபக்கூட்டப் பாட்டும் பாடுவார்கள், பழசு புதுசு என்ற பேச்சே கிடையாது, எல்லாவற்றுக்கும் கைதட்டல்தான் தாளம். ஊர்வலம், அறுப்பின் பண்டிகை (விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கும் நாள்) என்றால் பறை. கீழே சபை சமாதானமான அந்த வருடம், அறுப்பின் பண்டிகைக்கு நகரக் கோயிலுக்கு இறங்கி வந்து பறையடித்துப் படைப்பைக் கொண்டுவர அனுமதி கேட்டு ஒரு மனு கொடுத்தார்கள்.

அந்த மனு வாசிக்கப்பட்டபோது நான் மிக்சர் ரிப்பேருக்காக அந்த அறையில்தான் இருந்தேன். ஒரு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு கட்சியும் அன்று ஒரே பக்கம். "அது சாவு வீட்டுக் கொட்டு" என்றார் குயர் பக்கத்தவர் ஒருவர். "நம்ம சவுண்டோட செட் ஆகாது" என்றான் பேண்டு தம்பி. பொருளாளர் பெருந்தன்மையாக, "வாசல் வரைக்கும் அடிச்சிட்டு வரட்டும், உள்ள வேண்டாம்" என்றார். சத்தம்தான் காரணம் என்றால், அதே ஹாலில் அதைவிடச் சத்தமான டிரம் செட் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லோரும் அழைத்தவர், வாழ்க்கை முழுக்கப் பேசினது இதைத்தான். கர்நாடக இசையா மேற்கத்திய இசையா என்று மேலே இருக்கிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, பறையும் நாட்டுப்புற மெட்டும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை, ஏனென்றால் அதை அடிக்கிற கைகளைச் சேர்ப்பதில்லை என்று. அவர் நாட்டுப்புற மெட்டிலேயே முழு வழிபாட்டையும் அமைத்துக் காட்டினார்.

கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னவர் தமிழாசிரியர்தான், இந்த முறை அவர் பேச்சுக்கு யாரும் அமைதியாகவில்லை, நேரமாகிவிட்டது என்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் "பரிசீலனையில்" என்று எழுதியிருக்கிறது. அந்த வருடம் மலையிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள் பதில் சொல்வதாக ஆயர் மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், வாலிபர் செயலாளர் மட்டும் தன் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறான்.